கழுதை பேசிய இந்தி

என்னைவிடப் பெரிய மடையன் திண்டுக்கல்லில் எங்காவது இருந்திருக்கலாம். எங்கள் தெருவில் இல்லை. இந்தியில் எனக்குத் தெரிந்தது "அச்சா", "நஹி" என்ற இரண்டே சொற்கள். அந்த முதலீட்டை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு டிவிக்கு நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன்.

அப்போது சிறுவர்களுக்கு வந்த நல்ல தொடர்களெல்லாம் டெல்லியிலிருந்து இந்தியில்தான் வரும். எங்கள் தொடரில் ஒரு ராஜா, ஒரு ராணி, ஒரு பேசும் கழுதை. கழுதை பேசுவதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. என்ன பேசுகிறது என்று விளங்காததுதான் குறை. வடக்கே லாரி ஓட்டிப் போய்வருகிற மாமா எனக்கு இந்தி சொல்லிக்கொடுத்ததாக ஒரு புளுகை அவிழ்த்துவிட்டு, டிவிக்கு நேர் எதிரே கிடந்த பிரம்பு மோடாவைப் பிடித்துக்கொண்டேன். தங்கையும் சித்தப்பா மகனும் தரையில்.

ராஜா கண்ணை உருட்டிக் கத்தினால், "சோத்துக்கு வெஞ்சனம் எங்கேன்னு கேக்குறாரு" என்பேன். ராணி அழுதால், "சின்னாளப்பட்டிச் சேலை கேட்டுச்சாம், வாங்கித் தரலையாம்." கழுதை விஷயத்தில்தான் அவசரப்பட்டுவிட்டேன். அது ராஜாவின் மாமனார், சாபத்தால் இப்படி ஆகிவிட்டார் என்று சொல்லிவைத்தேன். அதிலிருந்து கழுதை திரையில் வந்தாலே தங்கை நீட்டிய காலை மடக்கி உட்காருவாள்.

சித்தப்பா மகனுக்கு மட்டும் சந்தேகம். "ஏலே, அவரு அம்புட்டு நேரம் பேசுறாரு, நீ ஒரு வரில முடிச்சுட்ட?"

"இந்தி நீளமான பாஷைடா."

ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அக்கா உள்ளே வந்து தங்கை பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்கள் வீட்டு டிவி ரிப்பேர். நான் மோடாவின் விளிம்புக்கு நகர்ந்தேன். அக்கா வீடு பாய் வீடு. விடிகாலையில் ஓதுகிற சத்தம் எங்கள் வாசல்வரை கேட்கும். எனக்கு விளங்காத பாஷையெல்லாம் இந்தி என்பதே அன்றைய என் அறிவு. எங்களிடம் அவர்கள் தமிழில் பேசுவது எங்கள் மேல் வைத்த இரக்கம் என்று நினைத்திருந்தேன். இன்றோடு மோடா போயிற்று, மோடாவோடு மானமும்.

போதாக்குறைக்கு அன்றைக்குப் பார்த்து ராஜா கழுதையைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விலை பேசினார்.

"என்னலே, மாமனாரையா விக்கிறாரு?" என்றான் சித்தப்பா மகன். தங்கையின் உதடு பிதுங்கிவிட்டது.

"உங்க மாமியா தொல்லை தாங்கல, எங்கயாச்சும் வித்துருங்க மாப்ளன்னு அவரே கேட்டுக்கிட்டாரு," என்றேன், அக்கா பக்கம் திரும்பாமல்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சித்தப்பா மகன் விடவில்லை. "அக்கா, இவன் சொல்றது சரிதானா? நீங்களே சொல்லுங்க."

"செத்த சும்மா இரு, அவனச் சொல்ல விடு," என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "பொறகு என்னாச்சுப்பு?"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. அவர்கள் டிவி சரியான பிறகும் அக்கா ஞாயிறு தவறாமல் எங்கள் வீட்டுக்கே வந்தார். எனக்கும் துணிச்சல் ஏறிவிட்டது. மாமனாருக்கு நத்தத்தில் ஒரு புளியந்தோப்பு எழுதிவைத்தேன். ராணிக்கும் மாமியாருக்கும் குழாயடியில் சண்டை மூட்டினேன். எல்லாம் தெரிந்தும் காட்டிக்கொடுக்காத மனுஷி என்று, அம்மா தட்டில் கொண்டுவரும் முறுக்கில் உடையாததாகப் பொறுக்கி அக்காவுக்குத்தான் முதலில் நீட்டுவேன்.

அந்த நன்றியை இத்தனை வருடமும் பத்திரமாகச் சுமந்து, போன மாதம் அக்கா மகளின் கல்யாணப் பந்தியில் இறக்கிவைத்தேன்.

"அம்புட்டு இந்தியும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அன்னைக்கு என்னையக் காட்டிக்கொடுக்காம விட்டீங்களேக்கா. பெரிய மனசு உங்களுக்கு."

அக்கா என் தட்டில் இன்னொரு கறித்துண்டை வைத்தார்.

"எனக்கேதுப்பு இந்தி? நாங்க வீட்ல தமிழ்தான பேசுறோம்."