தண்ணீர் வராத துளை

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். பேய், குறி, சகுனம் எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருபது வருடமாக போர்வெல் வண்டியில் ட்ரில்லர் வேலை. நீரோட்டம் பார்ப்பவர்கள் உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றது என்று காட்டிய இடங்களில் ஆயிரம் அடி இறக்கி, வெறும் புழுதியைப் பார்த்தவன் நான்.

போன வருடம் ஆட்டையாம்பட்டி பக்கம் ஒரு தோட்டத்தில் துளைபோடும் லீவரைப் பிடித்தபடியே விழுந்தேன். இதயம் நின்றுவிட்டது. கம்ப்ரசர் பார்க்கும் சேகர் ஆம்புலன்ஸ் வரும்வரை என் நெஞ்சை அமுக்கினான். இரண்டு விலா எலும்பு முறிந்தது, நான் பிழைத்தேன். பிறகு மூன்று மாதம் சேலத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி: சைக்கிள் மிதிப்பது, நடப்பது, மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணுவது. வேலைக்குப் போகலாம், துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு மட்டும் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். லீவர் பிடிப்பவன் ராடு தூக்குவதில்லை.

முதலாளி அந்தக் கடிதத்தைப் படிக்கவே இல்லை, மடித்துத் திருப்பிக் கொடுத்தார். என் இடத்தில் வேறு ஆள் நின்றான். கூட வேலை செய்தவர்கள் மேலே என்ன பார்த்தாய் என்று கேட்டார்கள், ஒன்றுமில்லை என்றதும் நான் எதையோ மறைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முதலாளிக்குச் சிரிப்பு.

"உங்க சாமி எந்திரிக்கவே மூணு நாளாச்சு. நீ மூணு நிமிசத்துல எந்திரிச்சுட்ட, சேவியரு. ஊட்டுல கெடந்து ஒடம்பப் பாரு."

எனக்குக் கோபத்தில் கை நடுங்கியது. அதையும் அவர் நோய் என்றுதான் எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு போர் கொடுங்கள், சரியில்லை என்றால் நானே போய்விடுகிறேன் என்றேன். அரை மனதாகத் தலையாட்டினார்.

சேந்தமங்கலம் தாண்டி மலையடிவாரத்தில் பழனியப்பன் என்பவரின் மரவள்ளிக் காடு. நடுப்பகல், நல்ல வெயில். நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காடு முழுக்கச் சுற்றினார், அது எங்கும் அசையவில்லை. நான் வேலியோரம் நின்றிருந்தேன். அவர் என்னைக் கடந்தபோது தேங்காய் எழுந்து நின்றது. விலகினார், படுத்தது. நெருங்கினார், நின்றது. எரிச்சலோடு பத்தடி தள்ளிப் போனேன், பின்னாலேயே வந்தார். அங்கேயும் நின்றது.

"பாயிண்டு நெலத்துல இல்லீங்க," என்றார் அவர். "இந்த ஆளுகிட்ட இருக்குதுங்க."

பழனியப்பன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கூட வந்திருந்த முதலாளியின் சிரிப்பு நின்றது. அவர் மனதில் ஓடியது எனக்குப் புரிந்தது: இனி ஒவ்வொரு காட்டிலும் என்னைத் தேங்காய்க்கு முன்னால் நடக்கவிடுவார், லீவரை மட்டும் தரமாட்டார். அப்படியென்றால் நான் நிற்கிற இடத்திலேயே போடுங்கள், நான்தான் ஓட்டுவேன் என்று கத்தினேன். யாரும் மறுக்கவில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாகத் தண்ணீர் வரக் கூடாது என்று நினைத்து ஓட்டினேன். வந்தால் நான் அதிசயப் பிறவி, வராவிட்டால் வேலைக்காரன். முந்நூறு அடி, புழுதி. அறுநூறு, புழுதி. எண்ணூறில் பழனியப்பன் போதும் என்று கைகாட்டிவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பொழுது சாய்ந்திருந்தது. ஒரு தடவைகூட என் கை பிசகவில்லை.

கம்ப்ரசரை நிறுத்தியாயிற்று. திறந்த துளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று, மூடி போட நானே குனிந்தேன். அடியில் ஒரு சத்தம். தொம், தொம் என்று சீராக, கொஞ்சம் வேகமாக. கல் சரிகிறது என்று நினைத்தேன். பழக்கத்தில் விரல் மணிக்கட்டுக்குப் போனது. ஒன்றுக்கு ஒன்று பொருந்தியது. அங்கேயே உட்கார்ந்தேன், மூச்சை நிதானமாக விட்டேன். என் நாடி இறங்கியது, அந்தச் சத்தமும் கூடவே இறங்கியது. நிமிர்ந்தால் பக்கத்தில் பழனியப்பன். அவர் பார்வை என் மணிக்கட்டில் இருந்தது. மூடியை இறுக்கித் திருகிவிட்டு வண்டியேறினேன்.

மறுவாரம் லீவர் என் கைக்கு வந்தது. கை நல்லாத்தான் இருக்குது என்றார் முதலாளி, அவ்வளவுதான்.

போன மாதம் பள்ளிபாளையத்தில் ஒரு போரை ஓட்டிக்கொண்டிருந்தபோது பழனியப்பன் போன் செய்தார்.

"ஏனுங்க, ஒடம்பு நல்லாத்தான இருக்குதுங்க? தெனமும் மூடி மேல காது வெச்சுக் கேப்பனுங்க, நேத்து மத்தியானத்துல இருந்து அந்தக் குழிக்குள்ள சத்தம் கேக்கறதில்லீங்க."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. மண்ணைக் கொட்டி மூடித் தொலையுங்கள், இனிமேல் கூப்பிடாதீர்கள் என்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மூட மனசு வரலீங்க. மறுக்கா அந்தச் சத்தம் கேட்டா ஒடனே கூப்புடறேனுங்க."

இதுவரை கூப்பிடவில்லை.