என் பையில் பொதுச் சாமான்

ஏழு கிலோ என்றால் எவ்வளவு என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஒரு குட்டி ரைஸ் குக்கர், இரண்டு கிலோ அரிசி, பருப்புப் பொடி, மூன்று பேருடைய மாத்திரைகள், சார்ஜர்கள், குடை, கொசு மருந்து, ஒரு பொட்டலம் முறுக்கு. இத்தனையும் போக மிச்சமிருக்கும் மூலையில் ஒருத்தி நான்கு நாளைக்குத் தன் துணிமணியை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒருத்தி நான்தான்.

தாய்லாந்தில் ஒரு கடற்கரைக்குப் போய்வந்தோம். நான், என் கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மூன்றே பேர். பெரிய பெட்டி எதுவும் கூடாது, ஆளுக்கு ஒரு கேபின் பை மட்டும் என்று கணவர் முடிவு செய்துவிட்டார். ஏதோ வீடியோ பார்த்திருக்கிறார். "இறங்கினோமா, போனோமான்னு இருக்கணும். பெல்ட்டுக்கு முன்னாடி நின்னு பொட்டிக்குக் காத்துக்கிட்டு இருக்கிறதெல்லாம் பழைய ஸ்டைல்" என்றார். கொக்கியில் மாட்டி எடை பார்க்கும் ஒரு சின்னத் தராசு வேறு வாங்கிவந்தார். ஒரு வாரம் வீட்டில் அவர் நிறுக்காத பொருள் இல்லை. என் செருப்பைக்கூட நிறுத்துப் பார்த்தார், ஐயா!

எங்கள் வீட்டில் பொதுச் சாமான் என்று ஒன்று உண்டு. எல்லோரும் தின்பது, எல்லோரும் பூசுவது, எல்லோருக்கும் வேண்டியது. அது எப்போதும் என் பைக்குள்தான் போகும். யாரும் உட்கார்ந்து பேசித் தீர்மானித்ததில்லை. கல்யாணமான முதல் பயணத்திலிருந்து அப்படித்தான். பெரிய பெட்டி இருந்த காலத்தில் அது உறுத்தவில்லை. இப்போது ஆளுக்கு ஏழு கிலோ என்று கோடு கிழித்த பிறகும் பொதுச் சாமான் நேராக என் பைக்கே வந்தது. கணவர் பையில் அவருடைய ஓட்டப் பயிற்சி ஷூ, கழுத்துத் தலையணை, ஆறு டீ-ஷர்ட். மகள் பையில் முடியை நேராக்கும் கருவி, மூன்று ஜோடிச் செருப்பு. ஏன் இதெல்லாம் என்று அவர்களை ஒருத்தரும் கேட்கவில்லை.

எனக்கென்று நான் வைத்துக்கொண்டது இரண்டு குர்த்தி, இரண்டு லெகிங்ஸ், உள்ளாடைகள், ஒரு துணிப்பை. அந்தத் துணிப்பைக்குள் என் நீச்சல் உடை, தொப்பி, நீச்சல் கண்ணாடி, ஒரு துண்டு.

அந்த உடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு முழங்கால் வலி. தண்ணீரில் நடங்கள், முடிந்தால் நீந்துங்கள் என்றார் டாக்டர். பெங்களூரு தொம்மலூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு நீச்சல் குளம். பத்து மணிக்குப் பெண்கள் நேரம். நாற்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாள் கம்பியை விடவே இல்லை. சொல்லிக்கொடுத்த பெண் என் மகள் வயசுதான் இருப்பாள். "ஹெதர்பேடி ஆன்ட்டி, ஹெதர்பேடி" என்று கன்னடத்தில் தைரியம் சொல்லிச் சொல்லியே என் கையைக் கம்பியிலிருந்து பிரித்தாள். ஆறாவது மாதம் நிற்காமல் எட்டுத் தடவை குளத்தின் நீளத்தை நீந்தினேன். முழங்கால் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

வீட்டில் இதற்குப் பெயர் 'அம்மாவோட முட்டி எக்சர்சைஸ்'. குளத்துக்குப் போகிறேன் என்று தெரியும். அங்கே என்ன செய்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை, கூச்சம். ஆனால் கணவர் துபாய் போகலாம் என்றபோது, வாழ்க்கையில் முதல் தடவையாக, "இல்ல, கடல் இருக்கிற ஊருக்குப் போகலாம்" என்று பிடிவாதம் பிடித்தேன். எனக்குக் கடலில் நீந்த வேண்டும். அதை இவர்கள் இரண்டு பேரும் பார்க்க வேண்டும். வேறு எந்த ஆசையும் அந்தப் பயணத்தில் எனக்கு இல்லை.

கிளம்பும் காலையில் என் பை சரியாக ஆறு கிலோ தொண்ணூறு இருந்தது. நானே தராசைப் பிடித்துப் பார்த்தேன். விமான நிலையத்து கவுன்டரில் அதே பை எட்டு கிலோவுக்கு ஓர் இழை குறைவாகக் காட்டியது. "ஏழு கிலோ அஷ்டே, மேடம்", ஏழுதான், அதற்கு மேல் கூடாது என்று கவுன்டர் பெண் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

பையைத் தரையில் வைத்துத் திறந்தால் மேலாகவே உட்கார்ந்திருக்கிறது தக்காளித் தொக்கு பாட்டில்! நான் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் கணவர் திணித்திருக்கிறார்.

"அங்க சாப்பாடு ஒத்துக்கலன்னா என்ன பண்றது? ஒரு சேஃப்டிக்கு வெச்சேன்" என்றார்.

"உங்க பையில வைக்க வேண்டியதுதானே?"

"என்னுது ஆறு தொண்ணூத்தஞ்சு. இடம் எங்க இருக்கு?"

சொல்லிக்கொண்டே அவர் கை என் பைக்குள் போய்விட்டது. துணிப்பையை வெளியே எடுத்தார். உள்ளே என்ன என்று எட்டிப் பார்த்தார். "இது நாலு நாளைக்கு வேணுமா? பீச்சுல நீ காலு நனைக்கிறதோட சரி. இல்ல, தண்ணியில இறங்கியே ஆகணும்னா அங்கயே ஒண்ணு வாங்கிக்கலாம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

என் வாய்க்கு என்ன வந்ததோ தெரியவில்லை. மற்ற நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது 'எனக்கு நீந்த வேண்டும்' என்று சொல்ல நாக்கு எழவில்லை. மகள் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் துணிப்பையைக் குப்பைக் கூடைக்குப் பக்கத்தில், யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று பெரிய தர்மப் பிரபு மாதிரி வைத்துவிட்டு வந்தார். தராசில் ஏழு காட்டியது. "பாத்தியா, முடிஞ்சுது" என்றார்.

எங்கே முடிந்தது? அடுத்து பாதுகாப்புச் சோதனை. என் பையை மட்டும் தனியாக ஒதுக்கினார்கள். காவலர் தொக்கு பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "யே க்யா ஹை?", இது என்ன என்று இந்தியில் கேட்டார்.

"சட்னி சார், சட்னி. வீட்டுச் சட்னி" என்றார் கணவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் கைஜாடையிலும்.

சட்னியோ தொக்கோ, குழைவாக இருப்பது எல்லாம் அவர்களுக்குத் திரவம். நூறு மில்லிக்கு மேல் கையில் கொண்டுபோக முடியாது. மூன்று கிலோ தக்காளியை ஒரு மணி நேரம் கிளறிச் சுண்டவைத்தவள் நான். சுண்டிப்போனதைத் திரவம் என்கிறார்கள், சரி, அவர்கள் சட்டம். ஆனால் வீடியோ வீடியோவாகப் பார்த்த மனிதருக்கு அது ஒன்று மட்டும் கண்ணில் படவில்லையா? பாட்டில் தொப்பென்று அவர்கள் தொட்டிக்குள் விழுந்தது. என் நீச்சல் உடை அந்தப் பக்கம், தொக்கு இந்தப் பக்கம். என் பை இப்போது ஆறு கிலோ சில்லறை. திரும்பி ஓடிப்போய் எடுத்துவர வழியில்லை.

அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்றாரே, அந்தக் கதையையும் கேளுங்கள். கடைகளில் தொங்கியதெல்லாம் கைக்குட்டை அளவு. என் உடம்புக்கு ஏற்ற மாதிரி, கை கால் மூடின மாதிரி ஒன்றுகூட இல்லை. இரண்டு கடை ஏறி இறங்கியதும் கணவருக்குப் பசி வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை.

இரண்டு நாள் நான் கரையில் விரித்த ஹோட்டல் துண்டில் உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி மூன்று பை, மூன்று போன், பர்ஸ், அவர்கள் கழற்றிப்போட்ட செருப்பு. மகள் தண்ணீரில் குதித்தாள். கணவர் முட்டியளவுத் தண்ணீரில் நின்று போஸ் கொடுத்தார், அவருக்கு நீந்தத் தெரியாது. கடலோ அலையே இல்லாமல், கயிறு கட்டிய எல்லைக்குள் எங்கள் குளத்தைவிட அமைதியாகக் கிடந்தது. "அம்மா, ஒரு ஃபோட்டோ எடேன்!" என்று மகள் கத்துவாள். எடுப்பேன்.

மூன்றாம் நாள் காலை கணவர் காலைத் துவட்டிக்கொண்டு வந்து, "தண்ணி சூப்பரா இருக்கு. நீயும் கொஞ்சம் காலை நனைச்சிட்டு வாயேன், பாவம்" என்றார்.

அந்தப் 'பாவம்'தான். அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தேன். எழுந்தேன். துப்பட்டாவை அவர் தோளில் போட்டேன், கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். குர்த்தியைத் தூக்கி இடுப்பில் முடிச்சுப் போட்டேன். "எங்க போற?" என்றார். பதில் சொல்லாமல் நடந்தேன். இடுப்பளவு ஆழம் வந்ததும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன்.

உப்பு கண்ணைக் கரித்தது. லெகிங்ஸ் காலைப் பிடித்து இழுத்தது. ஆனாலும் போனேன். கயிற்றை ஒட்டியே அந்தக் கோடி வரை போய்த் திரும்பி, மறுபடியும் போனேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு, அவ்வளவு கோபமும். இரண்டும் சேர்ந்துதான் என்னைத் தள்ளிக்கொண்டு போயின.

மூச்சு வாங்கக் கால் ஊன்றியபோது மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அம்மா! நீயா? இவ்வளவு தூரமா?" என்றாள். கணவர் மூன்று பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, பேன்ட் நனைய நனையத் தண்ணீர் ஓரம் வரை வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"உனக்கு நீச்சல் தெரியுமா? சொல்லியிருந்தா அந்த டிரஸ்ஸை நான் எடுத்தே இருக்க மாட்டேனே!"

"உங்க ஷூவுக்கு யாராவது காரணம் கேட்டாங்களா? அதைப் போட்டு நீங்க ஒரு நாளாவது ஓடினீங்களா?"

அவர் பைகளை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "சரி, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார்.

கோயில் வாசல்களில், துணிக்கடைகளில், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இருபத்து நான்கு வருஷமாக இந்தக் குடும்பத்தின் பைகளோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட நான் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"தெரியாது, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் நீந்தப் போனேன்.