சாவு விழக்கூடாத வீடு

கல்யாணமான முதல் ஆடிக்கு என்னை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். புதுப்பெண்ணை ஆடியில் புருஷன் வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் ஆவணியில் திரும்பி வருவதற்குள் எங்கள் மனை கைவிட்டுப் போயிருந்தது. இன்றுவரை வேறொன்று அமையவில்லை.

என் மாமனார் உளுந்தூர்பேட்டைப் பக்கம் களமருதூரில் நெல் விளைவித்தவர். அங்கே சொந்த வீடு, பின்னால் மாட்டுக்கொட்டகை, கொஞ்சம் நிலம் எல்லாம் இருந்தது. மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் புருஷன் ஒரே பிள்ளை. அவருக்குக் கள்ளக்குறிச்சியில் ஓர் அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை வேலை. பிள்ளை டவுனில் இருக்கும்போது தான் மட்டும் ஊரில் கிடந்து என்ன செய்வது என்று மாமனார் வீட்டையும் நிலத்தையும் பங்காளிக்கே விற்றுவிட்டார். அந்தப் பணத்தில் கள்ளக்குறிச்சியில் மனை வாங்கி வீடு கட்டுவதாக ஏற்பாடு. அதுவரைக்கும் ஒரு வாடகை வீடு.

“கொஞ்ச நாளும்மா, பல்லக் கடிச்சிக்கினு இரு” என்று என்னிடம் சொன்னார். எனக்கு இப்போது பல்லே பாதி இல்லை.

மனையும் பார்த்தாகிவிட்டது. கச்சிராயபாளையம் போகிற ரோட்டை ஒட்டி இருந்தது. அங்கே நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். மாமனாருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, வாசலை எந்தப் பக்கம் வைப்பது என்பதுவரை யோசித்துவிட்டார். ஆனி கடைசியில் விலை பேசி முடித்தார்கள். விற்கிறவர் அவசரக்காரர், உடனே ரிஜிஸ்தர் செய்துகொள்ளச் சொன்னார். மாமனார் பஞ்சாங்கத்தைப் பார்த்தார்.

“ஆடியில பத்திரம் எழுதுனா வூடு வெளங்குமாங்க? ஆவணி பொறக்கட்டும், மொத முகூர்த்தத்துல முடிச்சிக்கலாம்” என்றார்.

முன்பணம் கொடுக்கவும் அவருக்கு ஒப்பவில்லை. ஆடியில் காசு கைமாறினால் தங்காதாம். வாய்வார்த்தை போதும் என்று வந்துவிட்டார். அவர் ஊரில் அது போதும்தான். டவுனில் அது செல்லவில்லை. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய் ஆடி பாதியிலேயே அந்த மனையை வாங்கிப் பதிவு செய்துகொண்டார். ஆடி என்றால் அவருக்குத் தள்ளுபடி வியாபாரம் நடக்கிற மாசம், அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வந்து சில மாதங்களே ஆன மருமகள் என்ன பேச முடியும்? பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன். மாமனாரோ பாயின் மேல் பழியைப் போட்டார். “ஆடியில மனை வாங்குனவன் எங்க உருப்படப் போறான்” என்பார். பஜாரில் பாய் எதிரே வந்தால் தெருவின் அடுத்த பக்கம் போய்விடுவார்.

அதன்பிறகு அவர் எத்தனையோ மனை பார்த்தார். இவர் யோசித்து முடிப்பதற்குள் விலை ஏறியிருக்கும். அந்த விலைக்கு மனசைத் தேற்றிக்கொண்டு போனால் அது இன்னும் ஏறியிருக்கும். கையில் இருந்த பணம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. என் பிரசவத்தில் கொஞ்சம், மில்லில் வேலை இல்லாத மாதங்களில் கொஞ்சம், மீதியை வாடகை தின்றது. சொந்த வீட்டை விற்று வாடகை கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒருநாள் சொல்லியே விட்டேன். மாமனார் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்து போனார். சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை.

நாங்கள் இருந்தது ஒரு லைன் வீடு. முன்பக்கம் வீட்டுக்காரம்மா, பின்னால் வரிசையாக நாலைந்து குடித்தனம். ஆணி அடிக்கக்கூடாது, அம்மி வைத்து அரைக்கக்கூடாது, சொந்தக்காரர்கள் வந்து தங்கக்கூடாது. இப்படிப் பல கூடாதுகள். அதில் பெரிய கூடாது ஒன்று இருப்பது, எண்பத்தேழில் இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்போது மாமனாருக்கு வாதம் வந்து கையும் காலும் விழுந்துவிட்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு அழைத்து வந்து படுக்க வைத்தோம். மூச்சு இழுக்க ஆரம்பித்த காலையில் வீட்டுக்காரம்மா வந்து வாசலிலேயே நின்றார்.

“தோ பாரும்மா, தப்பா நெனச்சிக்காத. ஐப்பசியில எம் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்குறோம். இந்த வூட்டுல சாவு வுழக்கூடாது. பெரியவர உங்க ஊருக்கு இட்டுக்கினு பூடுங்க.”

“ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டிருக்காங்கக்கா. பஸ்ஸே ஓடல. எப்படிக்கா போறது?”

“அதுக்கு நான் இன்னாம்மா பண்றது?”

ஊரில் எங்களுக்கு வீடே இல்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் இளகவா போகிறார்? பங்காளி அவர் வாசலிலாவது போட இடம் கொடுப்பார் என்று என் புருஷன் நம்பினார். ஒரு மாட்டு வண்டி பிடித்து, வைக்கோல் பரப்பி, மாமனாரைப் படுக்க வைத்தோம். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். டவுனைத் தாண்டிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, ரோட்டுக்குக் குறுக்கே பெரிய புளியமரம் ஒன்று கிளையோடு கிடந்தது. மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து வண்டிக்குள் பார்த்தார்கள்.

“உசுரு போற கேசு, நாங்க வுட மாட்டோம்னு சொல்லலங்க. இந்த மரத்த எப்படியாச்சும் சுத்திப் போனாலும் உளுந்தூர்பேட்டை வரிக்கும் இப்படித்தாங்க கெடக்குது” என்றார் ஒருவர். அவர்களுடைய போராட்டம் அவர்களுக்கு. அவர்கள்மேல் கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

வண்டியைத் திருப்பினோம். வீட்டுக்காரம்மா அதற்குள் நாங்கள் இருந்த அறையைத் தண்ணீர் விட்டுக் கழுவிப் பூட்டு போட்டிருந்தார். உள்ளே எங்கள் சாமான், வெளியே நாங்கள். மாமனாருக்கு இன்னும் உயிர் இருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்தபோது எனக்கு வாய்விட்டு அழத் தோன்றியது, அழுதேன்.

யார் போய்ச் சொன்னார்களோ, ஜவுளிக்கடை பாய் சைக்கிளில் வந்தார். மறியலில் பஜார் முழுக்கக் கடையடைப்பு, அவருக்கும் வேலையில்லை. எங்கள் கைவிட்டுப் போன அந்த மனையில் அவர் வாடகைக்கு விடுவதற்காகக் கட்டிய வீடு பூச்சு வேலையோடு நின்றிருந்தது. ஆட்கள் வரவில்லை.

“அங்க இட்டாந்து போடுங்க” என்றார்.

“இன்னும் குடிவராத வூடு பாய். உங்களுக்கு ஆவாதுன்னு யாராச்சும் சொல்லப் போறாங்க” என்றார் என் புருஷன்.

“மவுத்துக்குப் பயந்தா வூடு கட்ட முடியுமாங்க? வண்டிய வுடச் சொல்லுங்க.”

கதவு வைக்காத அந்த வீட்டில், சிமெண்டு தூசியைப் பெருக்கிவிட்டு ஒரு கோரைப்பாயை விரித்து மாமனாரைப் படுக்க வைத்தோம். தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்தேன். வாசல் வழியாக மலை தெரிந்தது. மாமனார் வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பேச்சு குழறியது, ஆனாலும் புரிந்தது.

“இது யார் வூடு?”

“நம்ம வூடுதான் மாமா” என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

பாதி பூசிய சுவரைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“வாடக எவ்ளோம்மா?”

அன்று மத்தியானமே உயிர் போய்விட்டது. களமருதூரிலிருந்து ஒரு சனம் வர முடியவில்லை. பாயும் மில் ஆட்கள் சிலரும்தான் கூட வந்தார்கள். காரியம் முடிகிறவரைக்கும் பாய் எங்களை அங்கேயே இருக்கச் சொன்னார். அதன்பிறகு அந்த வீட்டை எங்களுக்கே வாடகைக்குக் கேட்டுப் பார்த்தோம். பாய் சொன்ன வாடகை நியாயமானதுதான், எங்களுக்குத்தான் கட்டுப்படியாகவில்லை. தீட்டுக் கழித்துவிட்டு அதே லைன் வீட்டுக்குத் திரும்பினோம். வீட்டுக்காரம்மா ஐப்பசிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தார். போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு அந்த ரோட்டில் மனை விலையைக் கேட்கவே கூடாது. என் புருஷனும் வாடகை வீட்டிலிருந்துதான் போனார். நல்லவேளை, ஆஸ்பத்திரியில் உயிர் போனது, யாருக்கும் தொந்தரவில்லை. இப்போது நான் சென்னையில் மகனோடு இருக்கிறேன். அவனுக்கு நல்ல சம்பளம், என் மாமனார் கனவிலும் பார்த்திருக்க மாட்டார். ஆனால் அவர் களமருதூரில் விற்றதுபோல ஒரு வீட்டை இங்கே வாங்க வேண்டுமானால் அவன் கிழவனாகிறவரைக்கும் தவணை கட்ட வேண்டும். அதனால் வாடகைதான்.

போன மாதம் வீடு மாற்ற வேண்டி வந்தது. பார்க்கப்போன இடத்தில் வாடகைக்கு இருந்தது மாடி; கீழே குடியிருந்த வீட்டுக்காரர் மரியாதையான மனிதர், உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். எத்தனை பேர், என்ன வேலை, சைவமா என்று விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: “வயசானவங்க யாராவது உடம்பு முடியாம இருக்காங்களா சார்?”

மகன் என்னைப் பார்த்தான். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். முழங்கால் வலியை முகத்தில் காட்டாமல், கைப்பிடியைத் தொடாமல், அவர் பார்க்க மாடிப்படி ஏறிக் காட்டினேன்.