பூட்டைப் போட்டவர்

தெகிவளைக்கு அடுத்த நிலையமே வெள்ளவத்தைதான். தெகிவளையில் ரயில் புறப்பட்டதிலிருந்து எதிரே இருந்த மனிதர் தம் சட்டைப்பையை நான்கு முறை தடவிவிட்டார். ஐந்தாம் முறை ஒரு சிறிய சாவி கையில் வந்தது. அவர் முகம் வெளிறியது.

என்னவென்று கேட்டேன். அவர் இரசாயனத் தொழிற்சாலையில் குழாய் அழுத்தம் காட்டும் அமுக்கமானி பொருத்துபவராம். சட்டையெல்லாம் அமிலம் தெறித்த ஓட்டைகள். அன்று மானி மாற்றும்போது அமிலம் பாயாதபடி வால்வை மூடி, போட்டவர் மட்டுமே திறக்கவேண்டிய தம் பூட்டைப் போட்டிருக்கிறார். வேலை முடிந்தபின் அதைக் கழற்ற மறந்துவிட்டாராம்.

கைபேசி அடித்தது; தொழிற்சாலை மேலாளர்.

"பூட்டை வெட்டாதேங்கோ சேர், நான் வாறன்" என்று கெஞ்சியவர், என்னிடம் திரும்பினார். "ஒரு மணித்தியாலத்துக்குள்ள வராட்டி நாளைக்கு வேலைக்கு வராதை எண்டுறார் ஐயா."

எனக்குப் பொறுக்கவில்லை. "வெட்டச் சொல்லும் தம்பி! ஒரு பூட்டுத்தானே?"

"இண்டைக்கு நான் வெளியில நிக்கேக்க வெட்டிப் பழகினா, நாளைக்கு நான் குழாயைக் கழட்டி வச்சிருக்கேக்கயும் வெட்டுவாங்கள்."

இருவருக்கும் இறங்குமிடம் வெள்ளவத்தையே; இறங்கினோம். கைபேசி மறுபடி அடிக்க, அவர் அதை அணைத்தேவிட்டார்.

"நான் ஓமெண்டு சொல்லாம வெட்டேலாது. கேட்டாத்தானே சொல்லோணும்!"

"வீட்டுக்காவது சொன்னீரா?" என்று கத்தினேன். அதற்குள் எதிர்மேடைக்கு ஓடி, தெற்கே போகும் ரயிலில் தொற்றிக்கொண்டார்.

வேலை தப்பியதா, பூட்டை யார் திறந்தார்கள் என்று கேட்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாலைகளில் நிலையத்துக்குப் போய், இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவர் இன்னும் இறங்கவில்லை.