வாகினி எந்த மீடியத்தில் படித்தாள்?

இ.எஸ்.எல். எடுத்த பிள்ளைகளுக்கு மார்க்கை அள்ளிக் கொட்டுகிறார்களாம். இதை எனக்குச் சொன்னவர் மகேந்திரராஜா. அவருக்குச் சொன்னவர் இங்கே மெல்பர்னில், ஸ்பிரிங்வேல் மீன்கடை வாசலில் நண்டு பொறுக்கிக்கொண்டிருந்த அருமைநாதன். அருமைநாதனுக்கு அவருடைய சகலன் சொல்லியிருக்கிறார். சகலனுக்குச் சொன்னது கிளேட்டனில் மெடிசின் படிக்கிற ஒரு பையன். அந்தப் பையனுக்குப் பெயர் உண்டா என்று கேட்டேன்.

"பேர் தெரிஞ்சு என்ன செய்யப் போறீர்? மெடிசின் படிக்கிறானெல்லே, அது காணும்," என்றார் மகேந்திரராஜா.

அது 1997, ஆகஸ்ட் மாதம். அவர் மகள் வாகினியும் என் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த இரண்டு வருடங்களுக்கு, அதாவது வி.சி.இ. என்ற பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு, என்னென்ன பாடம் எடுப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டிய காலம். கணக்கு, கெமிஸ்ட்ரி, டான்ஸ், மரவேலை என்று எதை வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். ஆனால் ஏதோ ஒரு வகை இங்கிலீஷில் தேறாமல் சர்டிபிகேட் கிடையாது. சாதாரண இங்கிலீஷ் ஒரு வகை. இங்கிலீஷைப் பிற்பாடு கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கான இ.எஸ்.எல். இன்னொரு வகை. பத்தாவது படிக்கும் பிள்ளை இருக்கிற தமிழ் வீடுகளில் அந்த மாதம் யாரும் வானிலை பற்றிக்கூடப் பேசவில்லை.

மகேந்திரராஜா மல்கிரேவில் ஓர் அலுவலகத்தில் ஏர்கண்டிஷன் குழாய்கள் கட்டிடத்துக்குள் எப்படிப் போக வேண்டும் என்று படம் வரைபவர். குழாய் நேராகப் போக வழியிருந்தால் அவர் திருப்ப மாட்டார். வீட்டில் அப்படியில்லை. பேச்சு எந்த மூலையில் தொடங்கினாலும் இரண்டு திருப்பத்தில் வாகினியின் கொழும்புப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

அந்தப் பள்ளிக்கூடம் வளர்ந்த கதையை நான் கிட்ட இருந்து பார்த்தவன். தொண்ணூற்றிரண்டில் அவர்கள் வந்து இறங்கிய புதிதில் ஒரு பிறந்தநாள் விருந்து. மலேசியாவிலிருந்து எண்பதுகளிலேயே படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட புஷ்பவல்லி அன்ரி, பாவம், ஒரு அக்கறையில்தான் கேட்டார், பிள்ளைக்கு இங்கே இங்கிலீஷ் சமாளிக்க முடியுமா என்று. மகேந்திரராஜா கையிலிருந்த கட்லட்டைத் தட்டில் வைத்தார். "அவ கொழும்பிலை இங்கிலீஷ் மீடியம்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். அடுத்த விருந்தில் அது இன்டர்நேஷனல் ஸ்கூல் ஆனது. பிறகு அதற்கு ஒரு பியானோ வந்தது. பிறகு இங்கிலாந்திலிருந்து ஒரு பிரின்சிபல் வந்தார். தொண்ணூற்று மூன்று தீபாவளிக்குள் நீச்சல்குளமும் வெட்டியாகிவிட்டது. அவர் மனைவி விஜயா இந்தப் பேச்சு தொடங்கினாலே தேத்தண்ணி போடுவதற்குக் குசினிக்குள் போய்விடுவார். அந்த வீட்டில் எனக்கு அவ்வளவு தேத்தண்ணி கிடைத்ததற்குக் காரணம் இதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பாடம் தேர்ந்தெடுக்கும் மாலைக்கூட்டத்துக்கு என் காரில்தான் போனோம். பிள்ளைகள் இருவரும் முன்பே பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வழியில் மகேந்திரராஜா வழக்கத்துக்கு மாறாகப் பேசாமல் வந்தார். ஸ்பிரிங்வேல் ரோடு சிக்னலில் சிவப்பு விழுந்ததும் சொன்னார், வாகினி பார்மஸி படிக்கப் போக இ.எஸ்.எல். மார்க் வேண்டுமாம், அதற்கு இரண்டு விதி இருக்கிறதாம். இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்ததும் மொத்தம் ஏழு வருஷத்தைத் தாண்டியிருக்கக் கூடாது. வந்த கணக்கில் வாகினி மயிரிழையில் தப்பிவிடுவாள். கொழும்பில் படித்ததைச் சேர்த்தால்தான் இடிக்கும்.

"அதனாலை இண்டைக்குச் சொல்லப் போறன், அவ கொழும்பிலை தமிழிலைதான் படிச்சவ எண்டு."

எனக்குப் புரிந்துவிட்டது. "சரி சார், அப்படியே சொல்லிடுவோம். நானும் தலையாட்டுறேன்," என்றேன்.

"ஐசே, இது பொய்யில்லை."

"ஆமா ஆமா, பொய்யே இல்லை," என்று கண்ணடித்தேன்.

அவர் முகம் சிவந்தது. வாகினி படித்தது வெள்ளவத்தையில் கடற்கரை ரயில்பாதைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரணத் தமிழ்ப் பள்ளிக்கூடம். பியானோ கிடையாது. நீச்சல்குளம் என்று சொல்வதானால் மழைக்கு முற்றத்தில் தேங்கும் தண்ணீரைச் சொல்லலாம். இதையெல்லாம் அவர் சொல்லச் சொல்ல, பின்னால் நின்ற கார்க்காரன் ஹாரன் அடித்தான். சிக்னல் பச்சையாகி எவ்வளவு நேரமாயிற்றோ. ஐந்து வருடமாக அந்தப் பிரின்சிபலின் தொப்பி நிறம் வரைக்கும் எனக்கு மனப்பாடம்.

பள்ளிக்கூட ஹாலில் மேசை மேசையாக ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வி.சி.இ.க்குப் பொறுப்பானவர் மிஸஸ் ஹார்ட்லி என்று பலகை சொன்னது. அந்தப் பெயரைப் பார்த்ததும் மகேந்திரராஜா டையைச் சரிசெய்தார். வாகினி ஏழாவதில் சேர்ந்தபோது, இங்கிலீஷுக்கு உதவி தேவைப்படும் பிள்ளைகளோடு அவளை உட்காரவைத்த ஆசிரியை இவர்தான். மறுநாளே மகேந்திரராஜா இதே டையைக் கட்டிக்கொண்டு வந்து, பியானோ, நீச்சல்குளம் எல்லாம் சொல்லி, என் மகளை யாரென்று நினைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

வாகினிக்கு அப்பா ஒரே ஒரு விஷயம்தான் சொல்லி வைத்திருந்தார். கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும், அதையும் கொஞ்சம் யோசித்து யோசித்துச் சொல்ல வேண்டும். அவள் பள்ளிக்கூடத்து விவாத அணியில் இருந்தவள். சாதாரண இங்கிலீஷ்தான் எடுப்பேன் என்று ஒரு வாரமாக வீட்டில் அடம்பிடித்துக்கொண்டிருந்தவள். நாற்காலியில் உட்கார்ந்ததும் மிஸஸ் ஹார்ட்லியைப் பார்த்து, அசல் மெல்பர்ன் உச்சரிப்பில், அடுத்த சில நிமிடங்களில் நடக்கப் போவதற்குத் தன் குடும்பத்தின் சார்பில் முன்கூட்டியே வருத்தம் தெரிவித்துக்கொண்டாள். ஒரு சொல்லிலும் யோசிக்கவில்லை.

எங்கள் முறைக்காகக் காத்திருந்த நானும் என் மகளும் பின்னாலேயே நின்றோம். மகேந்திரராஜா விஷயத்தைச் சொன்னார். மிஸஸ் ஹார்ட்லி பேனாவை மூடி வைத்தார். தனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றார். நீச்சல்குளம் இருந்த பள்ளிக்கூடம்தானே என்று கேட்டார்.

நீச்சல்குளம் இல்லை என்றார் மகேந்திரராஜா.

அப்படியானால் பியானோவும் இல்லையா என்று அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

அதுவும் இல்லை என்று சொல்லும்போது மகேந்திரராஜாவின் குரல் தணிந்தது. எங்கள் வரிசைக்குப் பின்னால் அருமைநாதனும் அவர் மனைவியும் நின்றுகொண்டிருந்தார்கள். அன்று சொன்னது தவறு, இன்று சொல்வதுதான் உண்மை, பிள்ளை முழுக்க முழுக்கத் தமிழில் படித்தவள் என்று அவர் மேசையோடு குனிந்து கிட்டத்தட்ட ரகசியமாகச் சொன்னார். மிஸஸ் ஹார்ட்லி நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். மனிதர் உண்மை சொல்லும்போது பொய்யனைப் போலவும், நீச்சல்குளம் வெட்டிய நாட்களில் நீதிபதியைப் போலவும் இருந்தார்.

இ.எஸ்.எல்.லில் யாரும் மார்க்கை வாரிக் கொடுப்பதில்லை, அதற்கும் வேர்வை சிந்தத்தான் வேண்டும், இந்தப் பெண்ணுக்குச் சாதாரண இங்கிலீஷே நன்றாக வரும் என்று மிஸஸ் ஹார்ட்லி எடுத்துச் சொன்னார். மகேந்திரராஜா என் பக்கம் திரும்பி, "பாத்தீரே, மறைக்கிறா," என்று தமிழில் சொன்னார். சந்தேகம் போய்விட்டது அவருக்கு. இ.எஸ்.எல். இல்லையென்றால் பார்மஸி இல்லை என்றே முடிவு கட்டிவிட்டார்.

சரி, கொழும்பில் தமிழில்தான் படித்தாள் என்று சொல்லக்கூடியவர் இங்கே யாராவது உண்டா என்று கேட்டார் மிஸஸ் ஹார்ட்லி. மகேந்திரராஜா இல்லை என்று தலையாட்டத் தொடங்கினார்.

"வேதவல்லி டீச்சர்," என்றாள் வாகினி. "ஷீ டோட் மீ இன் கிரேட் த்ரீ. ஷீ லிவ்ஸ் இன் ஸ்பிரிங்வேல் நவ்."

வேதவல்லி டீச்சர் மகனோடு இருக்க வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வந்த வேகத்திலேயே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். மெல்பர்னின் தென்கிழக்கில் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் சனிக்கிழமை காலையில் அந்தப் பள்ளித் தாழ்வாரத்தில்தான் நின்று பேசும். அங்கே பத்து மணிக்குச் சொன்னது பகல் சாப்பாட்டுக்குள் டான்டினாங் வரைக்கும் போய்விடும்.

மிஸஸ் ஹார்ட்லிக்கு மகிழ்ச்சி. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு போன் செய்வதாகச் சொன்னார். சரி என்று அப்பா சொன்னால் டீச்சரைக் கூப்பிட்டு விசாரிப்பார். வேண்டாம் என்றால் சாதாரண இங்கிலீஷ் என்று எழுதிக்கொள்வார். வாகினி எழுந்து நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளிவிட்டுப் போனாள். அப்பாவை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை.

அடுத்த நாள் மகேந்திரராஜா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என் வீட்டு வாசலில் நின்றார். டீச்சரிடம் முன்கூட்டியே தனியாகச் சொல்லி, வெளியில் விடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். "நீரும் வாரும். நீர் இருந்தால் அவ மரியாதைக்குக் கேள்வி கேக்க மாட்டா."

டீச்சர் எங்களைக் கதிரையில் இருத்தி, பழத்தை வாங்கி வைத்தார். மெல்பர்ன் குளிரைப் பற்றிப் பேசினார். மகேந்திரராஜாவும் குளிரைப் பற்றிப் பேசினார். முழங்கால் வலிக்கு என்ன தைலம் நல்லது என்று பேசினார்கள். மூன்று முறை அவர் தொண்டையைச் செருமினார். மூன்று முறையும் அடுத்து வந்தது தைலம்தான்.

"உங்கட மகள் கொழும்பிலை பெரிய இன்டர்நேஷனல் ஸ்கூலாமே," என்றார் டீச்சர். "தமிழ்ப் பள்ளியிலை எல்லாரும் சொல்லினம். குளமெல்லாம் இருந்ததாம்."

மகேந்திரராஜா வாழைப்பழச் சீப்பை மேசையில் நேராக நகர்த்தி வைத்தார்.

"என்ர வகுப்பிலையும் ஒரு வாகினி இருந்தவ. கெட்டிக்காரி. ஆனா எந்த நேரமும் மூக்கு ஒழுகும். அவவின்ர தேப்பன் வந்தாரெண்டால் டையும் கட்டிக்கொண்டுதான் வருவார். ஆள் பாக்க உங்களை மாதிரித்தான்."

டீச்சரின் முகத்தில் ஒன்றுமே இல்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டேன். இதைவிட நல்ல சந்தர்ப்பத்தைக் கடவுளே ஏற்பாடு செய்ய முடியாது. அந்தத் தகப்பன் நான்தான் என்று மூன்று சொல் சொன்னால் போதும்.

"ஓமோ," என்றார் மகேந்திரராஜா. "உலகத்திலை எத்தினை வாகினி." எழுந்து, போட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

காரில் உட்கார்ந்த பிறகுதான் செய்த காரியம் அவருக்கு உறைத்தது. இதுவரைக்கும் ஊருக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார். இப்போது சாட்சிக்கே சொல்லிவிட்டார். இனி மிஸஸ் ஹார்ட்லி கூப்பிட்டு விசாரித்தால், அந்த வாகினி வேறு, இந்த வாகினி வேறு, தகப்பனே நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனார் என்று டீச்சர் சொல்லலாம். அல்லது எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சனிக்கிழமை தாழ்வாரத்தில் இன்னொரு முறையும் சொல்லலாம். திரும்பிப் போய்ச் சொல்லிவிடுங்கள் சார் என்றேன். நான் சொன்னது காதில் விழாதவர் போலக் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் என்னைக் கூப்பிட்டு, தன் வீட்டில் வந்து உட்காரச் சொன்னார். எதற்கு என்று சொல்லவில்லை. வேலைக்கு லீவு போட்டிருந்தார். ஆன்சரிங் மெஷினைக் காலையிலேயே கழற்றி மேசை இழுப்பறைக்குள் தள்ளியிருந்தார். வாகினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, சீருடையோடு ஹாலில் தொலைபேசிக்குப் பக்கத்துச் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாடங்களின் தாள் மடியில் இருந்தது. கணக்கு, கெமிஸ்ட்ரி, பயாலஜி எல்லாம் எழுதி முடித்து, இங்கிலீஷ் என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருந்தாள். அதைப் பென்சிலின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டிருந்தாள்.

விஜயா எதிரே உட்கார்ந்து பயத்தங்காய் உடைத்துக்கொண்டிருந்தார். "அஞ்சு வருஷமா நான் ஒண்டும் சொல்லேல்லை," என்றார், காயைப் பார்த்தபடியே. "இப்பவும் சொல்லேல்லை. பார்மஸி வேணுமெண்டால் உண்மையைச் சொல்லுங்கோ. மானம் வேணுமெண்டால் பிள்ளையை அவ கேட்டதைப் படிக்க விடுங்கோ. ரெண்டும் வேணுமெண்டு நிக்காதேங்கோ."

மகேந்திரராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது போன் அடித்தது.

வாகினி கையை நீட்டினால் எட்டும். அவள் கையைக் கட்டிக்கொண்டாள். "இட்ஸ் ஃபார் யூ, அப்பா."

அவர் என்னைப் பார்த்தார். "நாகராஜன், நீர் எடுத்து, நான் குளிக்கிறன் எண்டு சொல்லும்."

"சார், அடுத்த வாரம் அதே மேசைக்கு முன்னாடி நான் திரும்பவும் போய் உக்காரணும்," என்றேன்.

அவர் எழுந்தார். இரண்டடி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். எடுத்து என்ன சொல்லப் போகிறார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன், வாகினியும் பார்த்தாள். முகத்தில் ஒரு நேரம் பார்மஸி தெரிந்தது, ஒரு நேரம் சனிக்கிழமைத் தாழ்வாரம் தெரிந்தது. விஜயா ஒரு காயை இரண்டாக உடைத்தார். மகேந்திரராஜாவின் கை போனுக்கு மேலே போய், தொடாமல் அப்படியே நின்றது. மணி அடித்துக்கொண்டிருந்தது.