சேட்டிலைட்டு படத்துல எங்க கெணறு

நேத்தைக்கு ராசிபுரம் ரோட்டுல பஸ்ஸு நின்னுபோச்சுங்க. ஓரத்துல ரிக்கு வண்டி ஒண்ணு போர் போட்டுட்டு இருந்துச்சு. நனைஞ்ச கல்லுமாவு வாசம் சன்னல் வழியா மூக்குல ஏறுச்சு. சந்தனம் அரைச்சாப்புல இருக்குதுன்னு பக்கத்து சீட்டு அம்மிணி சொன்னாங்க. எனக்கு எங்க கெணத்து நெனப்புதான் வந்துச்சு.

தொள்ளாயிரத்து எம்பது வாக்குல இருக்கும். வருசமெல்லாம் என்னையக் கேக்காதீங்க, பள்ளிக்கூடப் பக்கமே போவாதவன். சேந்தமங்கலத்துக்குத் தெக்கால எங்க வெள்ளாமைக் காட்டுக்கு ஒரு ஜீப்பு வந்துச்சு. மண்ணு, தண்ணி, மரம் மட்டை அம்புட்டையும் கணக்கெடுக்க வந்த ஆபீசருங்க. வழி காட்ட என்னையக் கூலிக்குக் கூப்புட்டாங்க. முன்சீட்டுல உக்காந்ததுல எனக்கு ஒரு கித்தாப்பு. எங்கூட்டு எருமைக்கே அன்னைக்கு என்னைய அடையாளம் தெரியலீங்க.

மத்தியானம் ஜீப்பு பானெட்டு மேல ஒரு படத்தை விரிச்சாங்க. ஆகாசத்துல சுத்தற சேட்டிலைட்டு புடிச்சதாமா. கொல்லிமலை மொத்தமும் செக்கச்செவேல்னு கெடக்குது. என்ற பெரியப்பா மகன் செங்கோடண்ணன் எட்டிப் பாத்தாரு.

"ஏனுங் சார், மலை தீப்புடிச்சு எரியறப்பப் புடிச்சீங்களா?"

"பச்சை இருக்கற எடந்தான் இதுல செவப்பா வருமுங்க."

"அப்ப எந்தம்பி காடு எங்கீங்? செவப்பே காணமே."

எல்லாருஞ் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன். என்ற காடு காஞ்சு கெடந்தது வாஸ்தவந்தானுங்க.

ஆபீசரு பென்சில்ல ஒரு கோட்டைக் காட்டுனாரு. மலையில இருந்து எறங்கி எங்க கெணத்தைத் தொட்டுட்டுப் போவுது. "உள்ளார பாறை வெடிச்ச எடம். தண்ணி இதுலதான் ஓடுது. ஆளாளுக்குத் தொளை போட்டீங்கன்னா கெணறு தாங்காதுங்க"ன்னாரு. எங்காளுங்களுக்கு முன்பாதி மட்டுந்தான் காதுல ஏறுச்சு.

அது செங்கோடண்ணன், நானு, எங்க சித்தப்பா, மூணு ஊட்டுக்கும் பொதுக்கெணறுங்க. முறை வெச்சுத் தண்ணி பாய்ச்சுவோம். ரிக்கு கூப்புடற வசதி எனக்கில்ல. அண்ணன் கெணத்தோரம் போர் போட ரிக்குக்குச் சொல்லிட்டாருன்னு கேட்டு அவருகிட்டப் போயி நின்னேன்.

"அண்ணா, கெணத்தோரம் போர் வேண்டாமுங்க. என்ற குச்சிக்கெழங்கு இந்தத் தண்ணிய நம்பித்தான் நிக்குது."

"எனக்குத் தெரியாதா சாமி? நான் போடலீன்னா எதுத்த தோட்டத்துக்காரன் நாளைக்கே போடறான். அப்பவும் கெணறு போவும். கூடச் சேந்து நானும் போவேன்."

நானு காட்டுக்குத் திரும்பிப் போனேன்.

தேங்கா ஒடைச்சு அண்ணன் போர் போட்டாரு. தண்ணி பனை ஒசரத்துக்குப் பீச்சுச்சு. ஒரே கூத்து, நானும் நனைஞ்சேன். அப்புறம் எதுத்த தோட்டம், அப்புறம் சித்தப்பா. நாத்து நட்டாப்புல அந்தக் கோட்டு மேலயே வரிசையா தொளை. கெணத்துத் தண்ணி படி படியா எறங்கிட்டே போச்சு. என்ற மரவள்ளிக் கெழங்கு சுண்டுவெரல் தண்டியோட நின்னுபோச்சு.

எங்க கெணத்து இஞ்சினுக்கு ஒரே கைப்பிடிங்க, சுத்தி ஸ்டார்ட் பண்றது. யாரு முறையோ அவுங்க ஊட்டுல இருக்கும். முறை முடிஞ்சா அடுத்த ஊட்டுக்காரரு வெள்ளன வந்து வாங்கிட்டுப் போவாரு. வந்தா சும்மா போவாரா? காப்பி குடிச்சு, மாட்டு வெலை பேசி, பொண்ணு மாப்ள பேசித்தான் எந்திரிப்பாரு. கடேசியா அது என்ற ஊட்டுக்கு வந்துச்சு. என்ற முறை முடிஞ்ச அன்னைக்கு எருமை கறந்து, காப்பி வெக்கச் சொல்லிட்டு, சித்தப்பா வருவாருன்னு உக்காந்திருந்தேன்.

காப்பி ஆறிப்போச்சு. அவரு ஊட்டுப் பக்கம் போர்மோட்டார் ஓடற சத்தம் கேட்டுச்சு. அதுக்கப்புறம் கைப்பிடியக் கேட்டு யாருமே வரலீங்க.