நாயை வளர்த்தது நான்

"ஏட்டி, ஒனக்கு எதுக்கு வேட்டை? பள்ளிக்கூடம் போறேல்ல, அது பத்தாதா?" என்று சின்ன வயதில் அப்பா கேட்டார். இன்று ஊரிலிருந்து திரும்பும் வழியில், ராஜபாளையம் பேருந்து நிலையத்தில் ஒருவர் பிடித்திருந்த நாயின் மேல் வேப்பெண்ணெய் வாடை அடித்தது. இத்தனை வருஷம் கழித்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

எங்கள் ஊர் தேவதானத்தில், வீட்டு வெள்ளை நாய்க்கு உண்ணி அண்டாமல் வேப்பெண்ணெய் தேய்த்தது நான். கம்பங்கூழ் ஊற்றியதும் நான். ஆனால் முயல் வேட்டைக்குப் போகிற அன்று மட்டும் நான் அதைத் தொடக்கூடாது. பெண் கை பட்டால் முயல் அகப்படாதாம். அன்றைக்கு நாய் அண்ணன் கைக்குப் போய்விடும்.

ஒருநாள் தரிசுக்காட்டில் முயல் எழும்பியதும் அண்ணன் நாயை ஏவியிருக்கிறான். அது அவன் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, நேராக வீட்டுக்கு ஓடிவந்து என் காலடியில் படுத்துக்கொண்டது. பின்னாலேயே அப்பா வெறுங்கையோடு வந்தார்.

"காலையில நாயத் தொட்டியாட்டி?"

"தொடலப்பா. அதுதான் என்னையத் தேடி வந்துட்டு."

அம்மா சிரித்துவிட்டாள். அடுத்த வேட்டைக்கும் அப்பா அண்ணனைத்தான் கூட்டிப்போனார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். என் பட்டத்தை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட அப்பா, முயல் தடம் பார்க்க மட்டும் எனக்குச் சொல்லித்தரவே இல்லை. இப்போது அண்ணன் தன் மகனைக் கூட்டிப்போகிறான். அவன் மகள் வாசலில் நின்று பார்க்கிறாள்.

நேற்று அண்ணன் எழுவதற்குள், அவன் இப்போது வளர்க்கும் நாயை அவிழ்த்துக்கொண்டு அவளோடு காட்டுக்குப் போய்விட்டேன். எனக்கும் தடம் தெரியாது. இரண்டு பேரும் புழுதியில் குனிந்து தேடினோம்.